சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

எங்கள் வார்டில் இன்சுலின் அளவு தப்பாகப் போவது இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நைட் டியூட்டி முடிகிற நேரம். ஐந்தாம் பெட் ஐயாவுக்குக் காலை இன்சுலின் 16 யூனிட். வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் பேனா இருக்கிறது, பேனாவுக்கு மாட்டும் ஊசிதான் தீர்ந்துவிட்டது. சிஸ்டர் பேனாவைக் கழற்றி, உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜில் (மருந்துக் குழாயில்) ட்ரேயில் கிடந்த சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி, 16ஆம் கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டு ஹேண்டோவர் கொடுக்கப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து இட்லியும் தாமதம். எட்டேகாலுக்கு ஐயாவின் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது, ஷுகர் 38க்கு இறங்கியிருக்கிறது. உடனே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், ஏற்றினோம். தப்பித்தார்.

"16 தானே மேடம் போட்டேன்" என்று அந்தப் பெண் அழுதாள்.

இல்லைம்மா, நீ போட்டது 40.

யூனிட் வேறு, கோடு வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. யூனிட் என்பது மருந்தின் அளவு, கோடு என்பது சிரிஞ்சில் அச்சடித்த அடையாளம். முதல் டிகாஷனிலும் ஒரு கரண்டி, இரண்டாம் டிகாஷனிலும் ஒரு கரண்டி எடுத்தால் காபி ஒன்றாகவா இருக்கும்? நம் ஊரில் வருகிற சாதாரண இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்காகவே செய்தது, 1 மில்லியை 40 கோடாகப் பிரித்திருக்கும். பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது கெட்டி டிகாஷன், 1 மில்லிக்கு 100 யூனிட். அதைச் சிவப்பு மூடியில் 16 கோடு எடுத்தால் 0.4 மில்லி, அதாவது 40 யூனிட். எழுதியதைப் போல இரண்டரை மடங்கு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் தனியாக இருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடியில் 16 கோடு எடுத்தால் உள்ளே போவது 6.4 யூனிட்தான். ஷுகர் இறங்காது. டாக்டர் ரவுண்ட்ஸில் டோஸைக் கூட்டுவார், மறுநாள் இன்னும் கூட்டுவார். பிறகு யாரோ ஒரு நல்ல சிஸ்டர் சரியான சிரிஞ்சை எடுப்பார், அன்றைக்குத்தான் நோயாளி மயங்கி விழுவார். பழி அந்த நல்ல சிஸ்டர் மேல்.

"பாட்டில்னா 40, பேனான்னா 100" என்று சீனியர்களே ஜூனியர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கிளார்ஜின் என்கிற இன்சுலின் பாட்டிலிலும் வருகிறது, அது 100. லேபிளைப் படியுங்கள், சிரிஞ்சின் உடம்பில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள், இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் மருந்தை இழுங்கள். மூடியை நம்பாதீர்கள், ட்ரேயில் மூடிகள் இடம் மாறிக் கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சரியான சிரிஞ்ச் இல்லையா, மனக்கணக்குப் போடாதீர்கள். பக்கத்து வார்டில் கேளுங்கள், ஃபார்மஸிக்கு ஆள் அனுப்புங்கள். ஊசி பத்து நிமிடம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது, சாப்பாட்டையும் சேர்த்துத் தள்ளிவைத்தால் போதும். பேனாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். ஒருவர் பேனாவை இன்னொருவருக்குப் போடவும் கூடாது. ஊசியை மாற்றினாலும் கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் ஏறியிருக்கலாம்.

இரண்டாவது ஆள் சரிபார்ப்பது கையெழுத்துக்காக இல்லை. "16 எடுத்திருக்கேன், பாரு" என்று நீட்டினால் அவளுக்கும் 16 தான் தெரியும். ஒன்றும் சொல்லாமல் பாட்டிலையும் சிரிஞ்சையும் கேஸ் ஷீட்டையும் கையில் கொடுங்கள், எத்தனை என்று அவள் சொல்லட்டும். டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: யூனிட்டுக்குப் பதிலாக எண்ணோடு ஒட்டி 'U' போடாதீர்கள், உங்கள் கையெழுத்தில் அது சைபராகத்தான் தெரிகிறது. 4 யூனிட் 40 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுத இரண்டு நொடி ஆகுமா?

தப்பு நடந்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். மெமோவுக்குப் பயந்து மறைக்கிற அரை மணி நேரத்தில் ஷுகர் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐயா டிஸ்சார்ஜ் ஆன அன்று, வீட்டில் எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்புறம் ஒரு கட்டு சிவப்பு மூடி சிரிஞ்சையும் எடுத்து வைத்தார்.

"பேனா ஊசி தீர்ந்துட்டா இதுலதான் எடுத்துப் போடுவேன் சிஸ்டர். சில நாள் படபடன்னு வருதும்பாரு, ஒரு கை சர்க்கரை வாயில போடுவோம், சரியாயிடும்."