எபிலிட்டி ஸ்கோர்: மதிப்பெண் அல்ல, ஆற்றல் எண்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ரோஸ்ஹில்லில் அக்கா வீட்டு வாராங்கில் பிள்ளைகள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாராங் என்றால் வராண்டா. மொரிஷியஸில் அப்படித்தான் சொல்வோம். மேசைமேல் பல முகப் பகடைகள், பென்சில்கள், நடுவில் ஒரு தட்டு காத்தோ பிமாங். நம் பருப்பு வடை இந்தத் தீவில் எடுத்துக்கொண்ட பெயர் அது. ஆடிக்கொண்டிருந்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். புத்தகம் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில். அக்கா மகன் மட்டும் தன் பாத்திரத்தின் விவரத் தாளைத் தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டான். பள்ளியில் தமிழ் படிக்கிறான். "மாமா, கரக்தெரிஸ்திக்குக்குத் தமிழில் என்ன எழுதட்டும்?" என்று கேட்டான். பிரெஞ்சுப் பதிப்பின் சொல் அது. ஆங்கிலத்தில் எபிலிட்டி ஸ்கோர்.

"திறன் மதிப்பெண்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவனும் எழுதிக்கொண்டான். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே மனம் உறுத்த ஆரம்பித்தது. அதைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரமாகப் பேசி நடக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தால் என்ன முடியும் என்பதை ஆறு எண்கள் சொல்கின்றன. உடல் பலம், கை லாவகம், தாக்குப்பிடிக்கும் தெம்பு, படிப்பறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் தன்மை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோதே இந்த ஆறும் இருந்தன. அன்றைய விதிப்படி, ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்டினால் வருவது எண். குறைந்தது 3, அதிகம் 18, சராசரி பத்தரை.

இனி வேர். எபிலிட்டி, லத்தீனின் ஹபிலிஸ் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஹபிலிஸ் என்றால் கைக்கு அடங்குவது, கையாள எளியது. 'கைவந்த கலை' என்று நாம் சொல்லும்போது இருக்கும் அதே கை. ஸ்கோர் வட ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. கணக்கு வைக்கக் கோலில் வெட்டிய தடம்தான் ஸ்கோர். ஆடுமாடுகளை எண்ணும்போது இருபதுக்கு ஒரு தடம் வெட்டியதால் இருபது என்ற பொருளும் அதில் ஏறியது என்பார்கள். ஸ்கோர் என்ற சொல்லில் தொடக்கத்தில் மதிப்பு என்ற எண்ணமே கிடையாது. மறக்காமல் இருக்கப் போட்ட கோடு, அவ்வளவுதான். நான் சறுக்கிய இடம் இதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு கேள்வி. இந்த எண்கள் உண்மையில் மனிதனை அளக்கின்றனவா? அளக்கின்றன என்றால் மதிப்பெண் என்று சொல்வதில் பிழையில்லை.

பலத்தைப் பார்ப்போம். 2014இல் வந்த பதிப்பின் விதிப்படி, ஒரு புள்ளிக்கு 15 பவுண்டு வீதம் சுமக்கலாம். தூக்குவதும் தள்ளுவதும் அதில் இரு மடங்கு. சராசரி ஆளின் எண் 10. அப்படியானால் அவர் 68 கிலோவைத் தூக்கிக்கொண்டு வேகம் குறையாமல் நாளெல்லாம் நடப்பார், 136 கிலோவைத் தரையிலிருந்து தூக்குவார். பழக்கமில்லாத ஒரு சாதாரண ஆளால் இது ஆகாது. மறுமுனையில், ஆட்டம் போகப் போக வளர்ந்து பாத்திரம் சாதாரணமாக எட்டக்கூடிய உச்சம் 20. அவர் தூக்குவது 272 கிலோ. ஆனால் 2020இல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார். ஆக, ஆட்டம் சாதாரண ஆளை உயர்த்திவிடுகிறது, உலகின் பலசாலியைத் தாழ்த்திவிடுகிறது. மனிதர்களுக்குள் இருக்கும் உண்மையான இடைவெளி இதில் பாதிகூடத் தெரிவதில்லை.

பகடை உருண்டால் இடைவெளி இன்னும் சுருங்கும். பலம் 18 உள்ளவரும் 10 உள்ளவரும் முழங்கையை மேசையில் ஊன்றிக் கைமடக்கிப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் இருபது முகப் பகடையை உருட்ட, பலசாலிக்கு 4 கூடுதல். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 66 தடவை பலசாலி வெல்வார், 4 தடவை சமம், 30 தடவை தோற்பார். கரும்பு வெட்டித் தோள் தடித்த ஒருவரோடு நான் கைமடக்கினால் பத்துக்கு மூன்று முறை ஜெயிப்பேனா? ஒருமுறைகூட மாட்டேன். ஆனால் எப்போதும் ஒருவரே வென்றால் மேசையைச் சுற்றி யாரும் உட்கார மாட்டார்கள். விதியை எழுதியவர்கள் ஆட்டத்துக்காக எழுதினார்கள், ஆளை எடைபோட அல்ல.

படிப்பறிவு எண்ணில் ஒரு பழைய மயக்கம் உண்டு. எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஐ.க்யூ. என்று பலர் சொல்வார்கள். 18 என்றால் 180. இது சரியல்ல. மூன்று பகடையில் 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்று. அந்த அளவு அரிதான ஐ.க்யூ. 139 அளவில்தான் வரும். மொரிஷியஸின் மக்கள்தொகை ஏறக்குறைய 12.5 லட்சம். பகடைக் கணக்கில் நம் தீவில் 18 எண் உள்ளவர்கள் சுமார் 5,800 பேர் இருப்பார்கள். 180 ஐ.க்யூ. என்பதோ கோடிக்கணக்கானோரில் ஒருவர். தீவில் அப்படி ஒருவரைக்கூட எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, ஆறு எண்களும் தனித்தனியாக உருட்டப்படுகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. மனித அறிவு அப்படி இல்லை. 1904இல் ஆங்கில உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை வைத்துக் காட்டியது இதைத்தான். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்கிறவர் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகச் செய்யும் போக்கு இருக்கிறது. மாறாக, ஆட்டம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் சில திறமைகள் வாழ்க்கையில் பிரிந்து கிடக்கின்றன. கை லாவகம் அதற்கு நல்ல உதாரணம். இங்கே கியூர்பிப் நகரில் மரக்கப்பல் மாதிரி செய்யும் கைவினைஞரைப் பாருங்கள். நூலளவு கயிற்றை ஊசிமுனைத் துளையில் கோக்கும் அந்த விரல், சுவரேறிக் குதிக்கும் காலுக்கு எந்த உத்தரவாதமும் தராது. எட்வின் ஃபிளைஷ்மன் என்ற உளவியலாளர் விரல் நுட்பம், கை நடுங்காமை, முழு உடல் ஒருங்கிணைப்பு என்று இவற்றைப் பிரித்துக் காட்டினார். ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் டெக்ஸ்டெரிட்டி. லத்தீனில் டெக்ஸ்டர் என்றால் வலக்கை. தமிழிலும் வலம் என்பதற்கு வலப்பக்கம் என்று பொருள், வலிமை, வெற்றி என்றும் பொருள். அவர்களுக்கு வலக்கையிலிருந்து நுட்பம் கிளைத்தது, நமக்குப் பலம் கிளைத்தது. ஆகவே முதல் எண்ணுக்கு வலிமை, இரண்டாவதற்குப் பேச்சுவழக்கில் உள்ள லாவகமே போதும்.

மூன்றாவதில் கவனம் வேண்டும். கான்ஸ்டிடியூஷன் என்பதை அகராதியில் தேடிய பிள்ளை 'அரசியலமைப்பு' என்று எழுதி வைத்திருந்தான். இங்கே பொருள் உடலின் கட்டு. உடலுரம் என்கிறேன். உரம் பாய்ந்த உடம்பு என்று சொல்வோமே, அது. தைப்பூசக் காவடியைப் பார்த்த நமக்கு வலிமையும் உரமும் வேறு என்று விளக்கவே வேண்டாம். பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, கோடை வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, காத்ர் போர்னில் கோர் த கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி ஏறுகிறது. அதில் முன்னால் போவது எப்போதும் திரண்ட தோள் உள்ளவர்கள் அல்ல. போன ஆண்டு எனக்கு முன்னால் ஏறிய பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவரைத் தாங்கியதில் உடம்பு எவ்வளவு, நேர்த்திக்கடன் எவ்வளவு என்று யாராலும் பிரித்து எண் போட முடியாது. நான் நின்று பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்டெலிஜன்ஸ், விஸ்டம். இரண்டையும் ஏன் பிரித்தார்கள்? அன்று ஆட்டத்தில் மந்திரவாதிப் பாத்திரத்துக்கு ஒரு முதன்மை எண், பூசாரிப் பாத்திரத்துக்கு ஒரு முதன்மை எண் தேவைப்பட்டது. விஸ்டம் பூசாரியின் எண்ணாக வந்தது. பிரெஞ்சுத் தாளில் அது சாஜெஸ். நம் வீடுகளில் சாஜ் என்றால் குறும்பு செய்யாத பிள்ளை. அதனால் ஐவரில் சிறியவள், தன் பாத்திரத்துக்கு சாஜெஸ் அதிகம் என்றால் அது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்றே நினைத்திருந்தாள். சிரிக்க வேண்டாம். தமிழிலும் இதேதான் நடந்தது. சமர்த்து என்றால் திறமை. அது தேய்ந்து சமத்து ஆகி, இன்று 'சமத்தா இரு' என்றால் அடங்கி இரு என்று பொருள்.

இந்த விஸ்டம் எண்தான் ஆட்டத்தில் கண்ணால் கவனிப்பதையும், காதால் கேட்பதையும், எதிராளியின் மனதைப் படிப்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு இது பொருந்தவில்லை என்று பலருக்கும் குறை. தமிழில் குறையே இல்லை. தொட்டு உணர்வது முதலறிவு, பார்ப்பதும் கேட்பதும் அறிவு, மனம் ஆறாவது அறிவு. புல்லுக்கு ஓரறிவு, மனிதனுக்கு ஆறறிவு என்று வகுத்த மரபு நம்முடையது. உலகத்தோடு ஒட்ட நடக்கத் தெரியாதவரைக் குறள் 'பலகற்றும் கல்லார் அறிவிலாதார்' என்கிறது. படிப்பு வேறு, அறிவு வேறு. எனவே விஸ்டத்துக்கு அறிவு. இன்டெலிஜன்ஸுக்கு மதிநுட்பம். ஞானம் என்று எழுதினால் சாமியார் வாடை வந்துவிடும்.

ஆறாவது கரிஸ்மா. கிரேக்கத்தில் காரிஸ் என்றால் அருள். அருளாக வந்த கொடை கரிஸ்மா. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதைத் தலைவர்களுக்குரிய சொல்லாக்கினார். 1974 விதியில் கூலிக்கு எத்தனை ஆள் சேர்வார்கள், எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதற்கு இந்த எண் பயன்பட்டது. கவர்ச்சி என்ற சொல்லை சினிமா கெடுத்துவிட்டது. வசீகரம் முகத்தோடு நின்றுவிடுகிறது. ஆளுமை என்றால் ஆளின் முழுமை. அதற்கு 8 போடக் கை வரவில்லை. ஈர்ப்பு போதும்.

சரி, தலைப்புச் சொல்லுக்கு வருவோம். திறன் என்பதை ஸ்கில்லுக்கு விட்டுவிட வேண்டும். திறன் மேம்பாடு என்று தமிழ்நாட்டு அரசே அப்படித்தான் எழுதுகிறது, ஆட்டத்திலும் ஸ்கில் தனியாக இருக்கிறது. பாறை ஏறக் கற்பது திறன். அதற்கு அடியில் இருக்கும் பலம் ஆற்றல். பணியாற்று, கடமையாற்று என்பதில் உள்ள ஆற்று, செய்து முடி என்பதுதான். ஆற்றல் என்றால் செய்ய முடிவது.

மதிப்பெண்தான் என்னை மிகவும் உறுத்தியது. பதினொரு வயதில், ஆரம்பப் பள்ளி முடிவில், சி.பி.இ. என்ற தேர்வை எழுதி, அந்த முடிவைக் கொண்டே எந்தக் கல்லூரி (இங்கே உயர்நிலைப் பள்ளிக்கு அந்தப் பெயர்), எந்தத் தகுதி என்று எடைபோடப்பட்ட தலைமுறை நாங்கள். மதிப்பெண் என்றால் மேலே இருந்து ஒருவர் கொடுத்த தீர்ப்பு. அதில் மதிப்பு என்ற சொல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 136 கிலோவைச் சராசரி ஆளின் கையில் கொடுக்கும் எண்ணுக்கு, கைமடக்கலில் என்னைப் பத்துக்கு மூன்று முறை ஜெயிக்கவைக்கும் எண்ணுக்கு, அந்தப் பெயர் ஏற்காது. கோலில் வெட்டிய தடத்துக்கு எண் என்ற சொல்லே நேர். ஆற்றல் எண்.

இதற்குத் துணையாகப் பழைய வழக்கும் இருக்கிறது. வலியறிதலில் வள்ளுவர் 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்கிறார். தூக்கி என்றால் எடைபோட்டு. மேசையில் நடப்பதும் அதுதான். செயலின் கடினத்துக்கு ஓர் எண், நம் ஆற்றலுக்கு ஓர் எண், எதிராளி உருட்டும் பகடை, பக்கத்தில் இருப்பவர் கை கொடுத்தால் கூடும் வாய்ப்பு. நான்கையும் சேர்த்துத்தான் ஒரு செயல் நிற்கும் அல்லது விழும். தன்வலி நான்கில் ஒன்று மட்டுமே.

அடுத்த சனிக்கிழமை ரப்பரை எடுத்துக்கொண்டு போனேன். மருமகன் பழைய தலைப்பை அழித்து 'ஆற்றல் எண்' என்று எழுதினான். அதன் கீழே வலிமை 8, லாவகம் 14, உடலுரம் 11, மதிநுட்பம் 10, அறிவு 16, ஈர்ப்பு 13. சின்னவள் எட்டிப் பார்த்து, அறிவு 16 உள்ள ஆள் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டியதில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளும் ஒரு புதுத் தாள் எடுத்தாள்.