சதுப்பின் மேல் மிதக்கும் சாலை

"ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளில் காற்றாலைகளுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் நடக்கலாமாமே! கால் புதையும் அந்தச் சதுப்பில் அவ்வளவு கனமான கோபுரம் எப்படி நிற்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நடக்கலாம். 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் மலையேறும் உரிமையைத் தருகிறது. காற்றாலை வந்ததால் அந்த உரிமை போய்விடாது. இன்வர்னஸுக்கு வடக்கே நோவார் மலையில் 1997 முதல் காற்றாலைகள் சுற்றுகின்றன. கோபுரம் உண்மையில் சதுப்பில் நிற்கவில்லை. கெட்டித் தரை வரும்வரை தோண்டி, அகலமான கான்கிரீட் அடித்தளம் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் கோபுரத்துக்குப் போகும் சாலை சில இடங்களில் மிதக்கிறது! அங்குள்ள மண்ணுக்கு பீட் என்று பெயர். முழுதாக மக்காத செடிகளின் அடுக்கு அது. எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். அது ஆழமாக இருக்கும் இடத்தில் தோண்டாமல், மேலுள்ள வேர்ப்பின்னலைக் கிழிக்காமல், உறுதியான பிளாஸ்டிக் வலையை விரித்துக் கல்லைக் கொட்டுகிறார்கள். பாரத்தை மெதுவாக ஏற்றினால் நீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி, பீட் இறுகித் தாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டால் நிலமே சரிந்துவிடும்.

சரி, மலைச்சரிவில் இவ்வளவு தண்ணீர் எப்படி வடியாமல் நிற்கிறது? ஸ்பேக்னம் என்ற பாசிதான் காரணம். அதன் ஓர் இலையை நுண்ணோக்கியில் பாருங்கள். மெல்லிய பச்சை செல்கள் வலைபோல ஓட, நடுவே பெரிய, நிறமற்ற செல்கள் தெரியும். அவை செத்த செல்கள், உள்ளே ஒன்றுமில்லை. சுவரில் நீர் புகுந்து வரத் துளைகள், காய்ந்தாலும் சுவர் ஒட்டிக்கொள்ளாதபடி உட்புறத்தில் வளையங்கள். இந்தச் செத்த செல்களை நிரப்பித்தான் பாசி தன் உலர் எடையைப்போல 20 மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கிறது. அதோடு, நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகளை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. சுற்றிலும் அமிலம், நீர் தேங்கியதால் ஆக்சிஜனும் இல்லை. நுண்ணுயிரிகளால் செத்த செடியைத் தின்று தீர்க்க முடிவதில்லை. கீழே மடிந்து, மேலே வளர்ந்து, தான் வாழ வேண்டிய நிலத்தைத் தானே கட்டிக்கொள்ளும் இந்தப் பாசியை எனக்கு அலுக்கவே அலுக்காது. இப்படி மடிந்த பாசிதான் பீட்டாகி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சேரும். அப்படியானால் ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு.

பீட்டில் வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கும், ஆக்சிஜன் உள்ளே போகும், ஆயிரம் ஆண்டுக் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பும். அதனால்தான் கட்டுவதற்கு முன் கம்பியைக் குத்திக் குத்தி பீட்டின் ஆழத்தை அளக்கிறார்கள். காற்றாலை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆழமான பீட்டை விட்டு விலகித்தான் நிறுத்த வேண்டும். பழைய வடிகால்களை அடைத்து நிலத்தை மறுபடி நனைக்கும் பணிகளுக்காக 2020-இல் ஸ்காட்லாந்து அரசு பத்தாண்டுகளுக்கு 25 கோடி பவுண்டு அறிவித்தது. நல்ல செலவு. அடைத்த பிறகு நீர்மட்டத்தை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அளப்பவர்களுக்கும் அதே தாராளத்தோடு பணம் தர வேண்டும். மூன்றாண்டுத் திட்டங்களை வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் வளரும் ஒரு நிலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.