மெசினைக் கழட்ட முதல் கிணத்தையும் எலியையும் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில வோசிங் மெசின் திருத்துற வேலையில கனகாலமா நிக்கிறன். "மெசின் பழுதாப் போச்சு, வாங்கோ" எண்டு வாற போனுகளில கனக்க இடத்தில மெசினில ஒரு பழுதும் இருக்கிறேல்லை. பழுது தண்ணியில இருக்கும், இல்லாட்டி மெசின் வைச்ச இடத்தில, இல்லாட்டி எலி. மேலால மூடி திறக்கிற டொப் லோட் மெசின் ஒரு முரட்டுச் சாமான், சும்மா கெட்டுப்போகாது, ஆனா அதைச் செய்தவன் எங்கட கிணத்துத் தண்ணியை நினைச்சுச் செய்யேல்லை.

முதல்ல தண்ணி. எங்கட மண்ணுக்கு அடியில முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கித்தான் கிணத்துக்கு வருகுது, வரேக்க கல்சியம் மக்னீசியத்தையும் கரைச்சுக்கொண்டுதான் வரும், கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது அதுதான். டொப் லோட் மெசின் கனக்கதும் தண்ணியைச் சுட வைக்காது எண்டபடியால் கேத்திலில மாதிரிக் கல்லாப் படியாது, ஆனா இங்க அது சவுக்காரப் பவுடரோடயும் உடுப்பு ஊத்தையோடயும் சேந்து சாம்பல் நிறத்தில ஒரு பசையா டிரம்முக்கு வெளிப்பக்கம் பிடிச்சிருக்கும், நீங்கள் மூடியைத் திறந்து பாத்தால் உள்ள பளபளப்பாத்தான் தெரியும், டிரம்மைக் கழட்டிப் பாத்தால் அண்டைக்குச் சோறு இறங்காது. தோய்ச்ச உடுப்பில கறுப்புக் கறுப்பாச் செதில் ஒட்டுது, துவாய் காய்ஞ்சும் நாறுது எண்டால் இதுதான் சங்கதி.

இதை நாங்களே கூட்டி விடுறம். இப்பிடிக் கல்சியம் கூடின கல்லுத் தண்ணியில நுரை லேசில வராது, நுரை வரேல்லை எண்டு இன்னொரு கரண்டி பவுடர் போடுவினம், பேந்து வாசத்துக்கு கொம்போட் எண்ட உடுப்பு மென்மையாக்கிற திரவத்தையும் மூடி நிறைய ஊத்துவினம், அந்த மிச்சமெல்லாம் எங்க போறது, டிரம்முக்குப் பின்னாலதான். நுரை வந்தால்தான் ஊத்தை போகும் எண்டு ஒண்டும் இல்லை. பைக்கற்றில கல்லுத் தண்ணிக்கு எண்டு போட்டிருக்கிற அளவைப் போடுங்கோ, அதோட நிப்பாட்டுங்கோ. இன்னொண்டையும் கவனியுங்கோ, மாரியில மழை பெய்து கிணறு ஏறினாப் பிறகு தண்ணி கொஞ்சம் மென்மையாகும், கோடையில கிணறு இறங்க இறங்க உப்புக் கூடும், கரையோரப் பக்கம் கேக்கவே வேண்டாம். அப்ப ஆவணியில போட்ட அளவையே மார்கழியிலயும் போட்டால் நுரை பொங்கி, கடைசி அலசலிலயும் போகாமல் நிக்கும்.

மாதம் ஒருக்கா வெறும் மெசினை ஓட விடுங்கோ. தண்ணியை முழு அளவுக்கு நிரப்பி, 100, 150 கிராம் மட்டில சிற்றிக் அசிட் போட்டு, கொஞ்ச நேரம் சுத்தவிட்டு நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, பேந்து அலசி வெளியில விடுங்கோ. ரப் கிளீன் எண்டு ஒரு புரோகிராம் இருந்தால் அதிலயே செய்யலாம். ஆனா டொய்லெட் கழுவுற அசிட்டைக் கொண்டந்து ஊத்தாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன், அதில இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அசிட் துருப்பிடிக்காத இரும்பையே அரிக்கும், டிரம்மைத் தாங்கிற அலுமினிய வார்ப்பையும் தின்னும். அதே மாதிரி குளோரின் பிளீச்சையும் எந்த அசிட்டையும் ஒண்டாப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், காத்தோட்டம் இல்லாத குளியலறைக்குள்ள அது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது தண்ணி வாற வழி. மெசின் தண்ணிக்காகக் காத்துக்கொண்டு நிண்டு பேந்து கத்தும், எல்ஜியில ஐஈ எண்டு காட்டும், சாம்சுங்கில 4சி. உடன ஆளைக் கூப்பிடாதேங்கோ. பைப்பைப் பூட்டிப்போட்டு, மெசினுக்குப் பின்னால தண்ணி ஓஸைக் கழட்டினால் வாயில ஒரு சின்ன வலை இருக்கும், குறடால மெல்ல இழுத்தால் வரும், மணலும் பாசியும் அடைச்சுக் கிடக்கும். பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவித் திருப்பிப் போட்டால் கன பேருக்கு வேலை முடிஞ்சுது. தாங்கி கழுவின கிழமையும், கோடையில கிணத்தடி மணலை மோட்டர் இழுக்கிற நாளுகளிலயும் கட்டாயம் பாருங்கோ. வலை இடைஞ்சல் எண்டு கழட்டி எறிஞ்ச ஆக்களும் இருக்கினம், பிறகு மணல் வால்வுக்குள்ள போய் அது மூடாமல் நிக்கும், மெசின் நிப்பாட்டிக் கிடக்கேக்கயே சொட்டுச் சொட்டா நிரம்பும்.

வலை சுத்தமா இருந்தும் தண்ணி மெல்லமா வந்தால் தாங்கியின்ர உயரத்தைப் பாருங்கோ. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும், கன மெசினுக்குக் குறைஞ்சது 0.3, 0.5 பார் வேணும், அப்ப தண்ணி மட்டம் மெசின் வாயில இருந்து 3, 5 மீற்றராவது மேல இருக்க வேணும். கிணத்தடியில நெஞ்சு உயரத்துக்குக் கட்டின தாங்கியால அது நடக்காது, எந்தக் கொம்பனி மெசின் வேண்டினாலும் நடக்காது.

தண்ணி போகாட்டி எல்ஜி ஓஈ எண்டும் சாம்சுங் 5சி எண்டும் சொல்லும். கன டொப் லோட் மெசினில பம்ப் இல்லை, வால்வைத் திறந்தால் தண்ணி தன்ர பாரத்திலதான் இறங்கும். நாங்கள் என்ன செய்யிறம், வாழைக்கு விடுறதுக்கு எண்டு ஓஸில இன்னொரு ஓஸைக் கொழுவி, படியால ஏத்தி, வேலிப் பக்கம் வரை இழுக்கிறம். ஒரு இடத்தில எழும்பி நிண்டால் போதும், தண்ணி அங்க நிக்கும், தண்ணி நிண்டால் மெசின் பிழியாது, "மோட்டர் போட்டுது" எண்டு போன் வரும். ஓஸ் கீழ கிடக்க வேணும், நுனி தண்ணிக்குள்ள தாழக்கூடாது. கிணத்துக்குப் பக்கத்திலயும் விடாதேங்கோ, எங்கட சுண்ணாம்புக்கல்லு வெடிப்பும் பொந்தும், நீங்கள் விட்ட பவுடர்த் தண்ணி திரும்பி உங்கட கிணத்துக்கே வந்திடும்.

எலிக்கு வாறன். டொப் லோட் மெசின் கனக்கதுக்கு அடிப்பக்கம் திறந்திருக்கும், அதுக்குள்ள இருட்டு, வெக்கை, யாரும் தொடாத இடம், எலிக்கு இதைவிட வேற என்ன வேணும். வயரைக் கடிக்கும், வடிகால் ஓஸைக் கடிக்கும், சில இடத்தில கூடே கட்டியிருக்கும். பத்திக்குள்ள நெல்லு மூட்டைக்கும் தேங்காய்க்கும் பக்கத்தில மெசினை வைச்சிருக்கிற வீடுகளில இது சும்மா வாற விசயம். எலி கடிச்சது பொதுவா வாரண்டிக்குள்ளயும் வராது. மெசினோட எலி மறைப்புத் தட்டு வந்திருந்தால் அதைப் பூட்டுங்கோ, கன பேர் அது என்னெண்டு தெரியாமல் பெட்டியோட எறிஞ்சு போடுவினம். தட்டு இல்லாட்டி கம்பி வலை வெட்டிப் போடலாம், ஆனா சுத்துற பெல்ற்றில முட்டாமல், மோட்டருக்குக் காத்தும் போகத்தக்கதாப் போட வேணும். பலகையால முழுக்க அடைச்சு வைக்கிறது பிழை.

ஆடுறதுக்கு மெசினைக் குற்றம் சொல்லாதேங்கோ. கிணத்தடிச் சீமெந்து நிலம் தண்ணி ஓடுறதுக்குச் சரிவாத்தான் போட்டிருப்பினம், காலைத் திருகி மட்டம் பாத்து வையுங்கோ, மூலையில அமத்தினால் தட்டாமல் நிக்க வேணும். சில்லுப் பூட்டின ஸ்ராண்ட் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அதில வைச்ச மெசின் பிழியேக்க ஊர்வலம் போகும். 7 கிலோ எண்டால் காய்ஞ்ச உடுப்பு 7 கிலோ, அதுவும் பருத்தி. ஒரு பெரிய பெட்சீற்றை மட்டும் போட்டால் ஒரு பக்கமாச் சுருண்டு கிடந்து எல்ஜியில யூஈ எண்டு காட்டும், ரெண்டு மூண்டு சாரத்தையும் சேத்துப் போட்டால் சரி. மழைக்கோட்டு, பிள்ளையின்ர ரப்பர் சீற்று மாதிரித் தண்ணி ஊறாத சாமானைப் பிழியப் போடவே கூடாது, தண்ணியைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு சுத்திப்போட்டு திடீரெண்டு ஒரு பக்கத்தால விடும், அந்த வேகத்தில மெசின் எகிறும். 2016இல அமெரிக்காவில சாம்சுங் 28 லட்சம் மட்டில டொப் லோட் மெசினைத் திருப்பிக் கூப்பிட்டது, பிழியிற நேரம் அதிர்வில மேல் மூடிப் பக்கம் கழண்டு பறக்குது எண்டுதான்.

இனி கரண்ட். மெசினைத் தொட்டால் சுள்ளெண்டு அடிக்குது எண்டு சொல்லிக்கொண்டே மாதக்கணக்கா அதில தோய்க்கிற ஆக்களைப் பாத்தனான், செருப்புப் போட்டுக்கொண்டு தோய்க்கினமாம்! அது எர்த் இல்லாத அடையாளம், இல்லாட்டி உள்ள வயர் கசியுது. பழைய வீட்டில ரெண்டு பின் அடப்ரர் போட்டுக் கொழுவியிருக்கும், இல்லாட்டி பொயின்ற்றுக்கு எர்த் வயரே இழுத்திருக்காது. பிளக்கைக் கழட்டிப்போட்டு எலெக்ரீசியனைக் கூப்பிடுங்கோ, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கோ, அதின்ர ரெஸ்ற் பட்டனை அமத்த விழுகுதோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ. ட்ரிப் விழுகுது எண்டு அதை நேராக் குடுத்து விடுற வேலை கொலைக்குச் சமன். ஐப்பசி, கார்த்திகையில இடி முழங்கேக்க சுவிட்சை மட்டும் நிப்பாட்டினால் காணாது, பிளக்கையே இழுத்து விடுங்கோ, மெசினுக்குள்ள இருக்கிற எலெக்ரோனிக் போர்ட் எரிஞ்சால் விலையைக் கேட்டால் புது மெசின் வேண்டலாமோ எண்டு யோசிப்பியள்.

தோய்ச்சு முடியத் தண்ணிப் பைப்பைப் பூட்டி மூடியைத் திறந்து விடுங்கோ, நாத்தம் பாதி குறையும். சின்னப் பிள்ளை இருக்கிற வீடெண்டால் கதிரை, ஸ்ரூல் ஒண்டும் பக்கத்தில வேண்டாம், ஊற வைச்ச தண்ணியோட விட்டுட்டுப் போகவும் வேண்டாம்.

மோட்டர் "ம்ம்" எண்டு இரைஞ்சுகொண்டு சுத்தாமல் நிண்டால் அது கனக்க மோட்டரைக் கிளப்பி விடுற கப்பாசிற்றர், சில நேரம் பெல்ற். அதுக்கு நீங்கள் கை வைக்காதேங்கோ, கப்பாசிற்றர் பிளக்கைக் கழட்டினாப் பிறகும் அடிக்கும். போன் எடுக்கேக்க பின்பக்கத்தில ஒட்டியிருக்கிற மொடல் நம்பரையும் காட்டின எரர் கோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் தேவையான சாமானை நான் முதலே கொண்டு வருவன், ரெண்டாந்தரம் வாற செலவு உங்களுக்கும் மிச்சம். உடுப்பையும் எடுத்து வைச்சுவிடுங்கோ.