எள்ளு வயலில் கலைக்காத செடியும் பதம் தவறிய அறுப்பும்

காவிரி டெல்டாவுக்கு வரும் மேட்டூர்த் தண்ணீர் ஜனவரி 28-ஓடு நின்றுவிடும். சம்பா, தாளடி நெல் அறுத்த வயல்கள் பல அதன்பிறகு அடுத்த குறுவை நெல் வரை சும்மா கிடக்கின்றன. போர்வெல்லில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கோடை நெல்லுக்கு இறைக்காமல் மாசிப் பட்டத்தில் எள் போடுங்கள் என்று வேளாண் பணியில் சேர்ந்த நாள்முதல் சொல்லிவருகிறேன்.

80, 85 நாளில் கைக்கு வரும் பயிர். எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். 2025-26க்கு அறிவித்த ஆதரவு விலை சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய், எள்ளுக்கு 9,846. ஏக்கருக்கு 3 குவிண்டால் எடுத்தால் அந்தக் கணக்கில் 29,500க்கு மேல். ஏலத்தில் விலை ஏறும், இறங்கும். ஆனாலும் ‘இளைத்தவனுக்கு எள்ளு’ என்பது உடம்புக்கு மட்டும் சொன்னதில்லை என்றே எனக்குத் தோன்றும்.

ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். நான்கு பங்கு மணல் கலந்து தூவுங்கள். பலர் கோட்டைவிடுவது செடி கலைப்பதில், அதாவது நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி இடைவெளி விடுவதில்தான். 15-ஆம் நாள் செடிக்குச் செடி அரையடி, 30-ஆம் நாள் ஒரு அடி விட வேண்டும். சதுர மீட்டருக்கு 11 செடிதான் கணக்கு. வலங்கைமான் பக்கம் ஒரு அம்மா, "இம்புட்டுச் செழிப்பா வந்தத புடுங்கச் சொல்றீங்களே தம்பி" என்று கண்கலங்கிப் பாதி வயலை மட்டும் கலைத்தார். அறுப்பின்போது அந்தப் பாதியில் செடிகள் அடியிலிருந்தே கிளைத்துக் காய்த்திருந்தன. மறுபாதியில் குச்சி குச்சியாக வளர்ந்து உச்சியில் நாலு காய்.

எள்ளுக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. நம் களிமண்ணில் ஒரு கோடை மழை நின்றாலே வேர் அழுகும். விதைக்கும்போதே வடிகால் எடுத்துவிடுங்கள். பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து தெரிந்தால் பிடுங்கி அழியுங்கள். அது நோய்; தத்துப்பூச்சி அதை வயல் முழுக்கப் பரப்பிவிடும்.

செடி முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தால் காய் வெடித்து எள் மண்ணோடு போய்விடும். அடியிலை கால்வாசி உதிர்ந்து, கீழ்க்காய்கள் மஞ்சளானதும் கீழிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். பழுப்பு ரகமென்றால் உள்ளே விதை பழுப்பேறியிருக்கும். அன்றே அறுத்து, நுனி உள்பக்கம் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோல் போட்டு மூடுங்கள். மழை கறுத்தால் மேலே தார்ப்பாய். மூன்று நாள் கழித்து வெயிலில் காயவைத்து உதிர்த்தால் முதல் நாளிலேயே முக்கால்வாசி எள் கொட்டிவிடும்.