இரவுக் கபடியும் ஐஎஸ்ஓ பயமும்

சேலம் பக்கத்து ஊர்களில் திருவிழாவை ஒட்டி இரவுக் கபடி நடந்தால், மறுநாள் காலையிலேயே படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அவற்றில் பலவற்றுக்கு ஒரே நோய்தான். கோடு கூர்மை, விளக்குக் கம்பம் கூர்மை, பாடி வந்த பையன் மட்டும் கலங்கல். "அண்ணா, லென்ஸ் சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். லென்ஸுக்கு ஒன்றுமில்லை. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா பெருக்கும் அளவு) கூட்டினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து, ஷட்டர் வேகத்தை (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/125 நொடியில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயம் கல்யாண மண்டபத்தில் பிடித்தது. நம் ஊரில் விளையாட்டுப் படம் எடுக்க வரும் தம்பிகளில் பலர் மண்டபத்தில் தொழில் பழகியவர்கள். அங்கே ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டாதே என்பது பால பாடம். மாப்பிள்ளை நிற்பார், திரும்பச் சொன்னால் திரும்புவார், மாலையை இன்னொரு தடவை போடச் சொன்னாலும் போடுவார். கபடிக்காரர் யாருக்காகவும் நிற்க மாட்டார்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஒருவர் பாய்ந்தால், 1/125 நொடிக்குள் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அவ்வளவும் படத்தில் இழுவையாக விழும். 1/1000 என்றால் 6 மில்லிமீட்டர்தான். கிரிக்கெட்டில் இன்னும் மோசம். நம் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் வீசும் யார்க்கரை ஒரு பேச்சுக்கு மணிக்கு 140 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/1000இல்கூடப் பந்து 4 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டுவிடும். அதனால்தான் கிரிக்கெட்டுக்கு 1/2000க்குக் கீழே இறங்க எனக்கு மனம் வருவதில்லை.

எனவே முதலில் ஷட்டரை முடிவு செய்யுங்கள். அடுத்து அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் லென்ஸ் துவாரம்) லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்துவிடுங்கள், எஃப்2.8 இருந்தால் எஃப்2.8; எண் சிறிதானால் துவாரம் பெரிது. மிச்சக் கடனை ஐஎஸ்ஓ அடைக்கட்டும். விளக்கொளி மைதானத்தில் அது 6400 வரை போவது சாதாரணம். புள்ளிகள் வரும், வரட்டும். கணினியில் அவற்றைப் பெருமளவு குறைத்துவிடலாம். கலங்கிய முகத்தைத் தெளிய வைக்க நம்பகமான வழி கிடையாது. ஐஎஸ்ஓவை 1600இல் பிடித்துவைத்து இருட்டாக எடுத்து, பிறகு வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்ற தந்திரமும் பலிக்காது. ஏற்றும்போது நிழலில் கிடந்த புள்ளிகளும் சேர்ந்தே ஏறும்.

இரவில் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் அளவுமானியை நம்புவதும் ஆபத்து. களத்துக்குப் பின்னால் கும்மிருட்டு. கேமரா அதைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று ஏற்றும். வியர்த்த நெற்றியும் தோளும் வெளுத்துப் போகும். ஆட்டம் தொடங்குமுன் களத்தில் நிற்கும் ஒருவர் முகத்தை அளந்து, ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் மேனுவலில், அதாவது கையாலேயே அமைத்துப் பூட்டிவிடுங்கள். விளக்கு மாறாத வரை அதைத் தொட வேண்டியதில்லை.

விளக்கு என்றதும் இன்னொரு வில்லங்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/1000இல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் ஒன்று பளிச்சென்று, அடுத்தது மங்கல், அதற்கடுத்தது மஞ்சள் என்று வரும். கேமரா பழுது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அண்மைக்கால கேனான், நிக்கான், சோனி கேமராக்கள் பலவற்றில் ஃபிளிக்கர் குறைப்பு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஷட்டர் திறக்கும். தொடர்படங்களின் வேகம் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழக்கூடும். மெக்கானிக்கலுக்கு மாறிவிடுங்கள். சீக்கிரம் போய், விளக்கு போட்டதும் வெள்ளைக் கோட்டைக் குறிவைத்து ஒரு தொடர் எடுத்துப் பார்த்தாலே சங்கதி தெரிந்துவிடும்.

பகலில் இவ்வளவு பாடு இல்லை. ஆத்தூர் அருகே கூலமேடு ஜல்லிக்கட்டில் உச்சிவெயில் என்றால் ஐஎஸ்ஓ 200, எஃப்4, 1/3200 என்று பூட்டிவிடலாம். ஆனால் அங்கேயும் ஆட்டோவில் விட்டால், கறுப்புக் காளை சட்டகத்தை நிறைக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டி எரிந்துபோகும்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். 1500 மீட்டர் உயரத்தில், பள்ளி ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே மூடுபனி மைதானத்துக்குள் இறங்கிவிடும். வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலாக்கி வைக்கும், பிள்ளைகள் முகம் கறுத்துவிடும். வெளிச்சமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் மேனுவல் பூட்டு இங்கே உதவாது. ஷட்டரை 1/1000இல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, எக்ஸ்போஷர் ஈடு (கேமரா அளந்த வெளிச்சத்தின் மேல் நாம் கூட்டுவது) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டிக்கொள்வேன். பனி அடர்ந்தால் ஒன்றரை.

ஃபிளாஷை மட்டும் தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பிடிக்கப் பாயும் நேரத்தில் கண்ணில் வெளிச்சம் அடித்தால் பையன் எங்கே விழுவான் என்று சொல்ல முடியாது. பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போன் ஃபிளாஷ் போடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: அந்த வெளிச்சம் சில மீட்டரைத் தாண்டாது. முன்வரிசைக்காரரின் பின்மண்டை மட்டும் அருமையாக விழும். வெளிச்சம் போதவில்லை என்றால் விழாக் குழுவிடம் கேளுங்கள். ஒரே பக்கம் குவித்துக் கட்டிய விளக்குகளை நான்கு மூலைக்கும் பிரித்துக் கட்டச் சொன்னால், பெரும்பாலும் கட்டித் தருவார்கள். பந்தல்காரர் ஏணியை எடுத்துப் போவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.