பன்முகத்தன்மை அன்று, பல்வகைமை

தருமபுரியில் ஒரு கல்லூரியில் வீடியோ கேம் துறையின் வேலைவாய்ப்புகளைப் பற்றி நடந்த கருத்தரங்கில், திரையில் பெரிய எழுத்தில் ‘பணியாளர்களின் பன்முகத்தன்மை’ என்று வந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த பாலக்கோட்டு மாணவி ஒருவர் எழுந்து, “சார், அப்படின்னா படமும் வரையணும், கோடிங்கும் தெரியணும், மியூசிக்கும் போடணும், எல்லாம் தெரிஞ்சவங்களத்தான் எடுப்பாங்களா?” என்று கேட்டார். பேச வந்தவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தார். பிழை திரையில் இருந்தது.

திரையில் அப்படி மொழிபெயர்க்கப்பட்டிருந்த ‘டைவர்சிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. வேறுவேறு பக்கம் திரும்பியிருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். ஒரு தொழிலில் பணியாற்றுவோரைக் குறித்து இன்று வழங்கும்போது, பாலினம், இனம், வயது, உடல்நிலை, பிறந்த நாடு ஆகியவற்றால் வேறுபட்ட பலரும் அங்கே இடம்பெற்றிருத்தலை அது சுட்டுகிறது. இதற்கு நேரான தமிழ்ச் சொல் பல்வகைமை. பல், வகை, மை என்று பிரித்தால் பள்ளிப் பிள்ளைக்கும் பொருள் விளங்கும்.

பன்முகத்தன்மையோ வேறொன்றைச் சொல்கிறது. முகம் பலவானாலும் ஆள் ஒருவர்தான். ஆறுமுகம் என்றால் ஆறு பேர் என்று யாரும் கொள்வதில்லை, முருகன் ஒருவனே. நடிப்பும் பாட்டும் எழுத்தும் கைவந்த ஒருவரைப் பன்முகக் கலைஞர் என்கிறோம்; அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. ஆனால் கிருஷ்ணகிரி மண்டியில் தோத்தாபுரி, செந்தூரா, நீலம், மல்கோவா எனக் குவிந்திருப்பதைப் பார்த்து ‘பன்முக மாம்பழம்’ என்று எந்த வியாபாரியும் கூவியதில்லை. ‘எத்தனை வகை?’ என்றுதான் வாங்க வந்தவர் கேட்கிறார்.

இரண்டு சொற்களும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதற்குத் துறையிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 1982-ஆம் ஆண்டு அட்டாரி 2600 என்னும் வீடியோ கேம் கருவிக்காக வெளிவந்த ‘ரிவர் ரெய்டு’ என்னும் ஆட்டத்தை வடிவமைத்தவரும் அதன் நிரலை எழுதியவரும் கரோல் ஷா என்ற ஒரே பெண்மணி. பன்முகத்திறன் என்றால் அதுதான். ஆனால் அவருக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2005-இல் சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் வெளியிட்ட ஆய்வில் கேம் துறைப் பணியாளர்களில் பெண்கள் 11.5 விழுக்காடுதான், வெள்ளையர் 83.3 விழுக்காடு. அதே சங்கத்தின் ஆய்வுகளில் பெண்களின் பங்கு 2014-இல் 22 ஆகவும் 2021-இல் 30 ஆகவும் உயர்ந்தது. இந்த எண்கள் எந்த ஒரு பணியாளரின் முகங்களையும் எண்ணவில்லை. எந்தெந்த வகையினர் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணுகின்றன. ‘பன்முகத்தன்மை 30 விழுக்காடு’ என்று எழுதிப் பார்த்தால் அந்தத் தொடர் எதையும் சொல்லாமல் நிற்பது தெரியும்.

வேலை அறிவிப்புகளை மொழிபெயர்ப்போர் இதைவிடவும் ஒரு படி மேலே போய், ‘பன்முகத்தன்மை கொண்ட விண்ணப்பதாரர்களை வரவேற்கிறோம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலேயே இது கோணலான வழக்குதான். தனி ஒருவர் பல்வகையாக இருக்க முடியாது, கூட்டம்தான் அப்படி இருக்க முடியும். பல்வகைமை என்ற சொல்லைக் கையில் வைத்திருந்தால் இந்தப் பிழையை எழுதவே வராது. ‘பல்வகைமை கொண்ட விண்ணப்பதாரர்’ என்னும்போதே பேனா தயங்கும். பன்முகம் தயங்காமல் இடம் கொடுத்துவிடுகிறது. அதன் விளைவு சின்னதன்று. யாரை எடுக்கிறோம், யாரை விடுகிறோம் என்று நிறுவனம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, வேலை தேடி வருபவர் எத்தனை வித்தை கற்றிருக்கிறார் என்ற கேள்வியாக மாறி, பாலக்கோட்டுப் பெண்ணின் தலையில் போய் விழுகிறது.

‘டைவர்சிட்டி’க்கு ‘வேற்றுமை’ என்ற சொல்லை ஆள்வோரும் உண்டு. ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்ற முழக்கத்தில் அது பழகிய சொல்தான். ஆனால் ‘எங்கள் நிறுவனத்தில் வேற்றுமையை வளர்ப்போம்’ என்று ஒரு தளத்தில் படித்தபோது, சண்டை மூட்டிவிடுவோம் என்று அவர்களே ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. ‘பன்மைத்துவம்’ என்பதில் வடமொழி விகுதி ஒட்டிக்கொண்டிருப்பது ஒருபுறமிருக்க, அது பல கொள்கைகளுக்கு இடமளிக்கும் நோக்கைக் குறிக்கும் சொல்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பல்வகைமைக்கு இரண்டு தடைகள் எழுப்பினார். இலக்கியத் திறனாய்வில் ‘வகைமை’ என்பது நாவல், சிறுகதை போன்ற பிரிவுகளைக் குறிப்பதால், கேம் துறையில் இது ஆட்ட வகைகளைக் குறிப்பதாகக் குழம்பாதா என்பது ஒன்று. ‘பணியாளர் பல்வகைமை’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. மனிதரை வகை வகையாகப் பிரிப்பது சாதி கேட்பதுபோல் இல்லையா என்பது மற்றொன்று. நம் மாவட்டங்களில் இருந்துகொண்டு அந்தக் கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யாரும் எண்ணாததனால் பிரிவுகள் மறைந்துவிடவில்லை, 11.5 என்ற எண் வெளிவந்த பிறகுதான் அது குறைவு என்று எண்ணைக் காட்டிப் பேச முடிந்தது.

அவர் இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. இலக்கணத்திலேயே ‘பன்மை’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு என்று போன வாரமும் தொலைபேசியில் கேட்டார். பன்மை நல்ல சொல்தான். ஆனால் ஓர் அறையில் ஒரே ஊரைச் சேர்ந்த, ஒரே வயதுடைய பத்து ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் இலக்கணப்படி அது பன்மைதானே, ஐயா?