விறகு பாய்லர் இருக்கட்டும், ஹீட் பம்புக்கு மானியம் எந்த வழியில் வரும்?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் குளிக்கத் தண்ணீர் காய்வது இன்றும் தென்னை மட்டையிலும் பாளையிலும்தான். விறகுக்குக் காசில்லை, உண்மை. ஆனால் விடிகாலைப் புகையில் கண்ணெரிய நிற்பது பெரும்பாலும் அம்மாவோ அம்மிச்சியோதான்.

150 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் காய்ச்ச, கீசருக்கு ஏறக்குறைய நாலரை யூனிட் மின்சாரம் வேண்டும். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கும் ஹீட் பம்புக்கு ஒன்றரை யூனிட் போதும். பகலில் காற்று சூடாக இருக்கும்போது ஓட்டினால் இன்னும் குறையும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஹீட் பம்புக்கென்று பணம் கிடையாது. அதை ஓட்டும் கூரை சோலாருக்குத்தான் மானியம்: 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000-தான். 1 கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பதால், வெந்நீருக்காக மட்டும் என்றால் பெரிய அமைப்பு தேவையே இல்லை. விற்பவர் பேச்சைக் கேட்டு அளவைக் கூட்டாதீர்கள்.

சொந்தக் கூரையும் வீட்டு மின் இணைப்பும் வேண்டும். தோட்டத்து மோட்டார் இணைப்பைக் காட்டி வாங்க முடியாது. முன்பே சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது. இணைப்பு இன்னும் அப்பாரு பெயரிலேயே இருந்தால் முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்யுங்கள். பிறகு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்து, அங்கே பதிவான நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பேனல் இந்தியாவில் செய்த சோலார் செல் (வெயிலை மின்சாரமாக்கும் சில்லு) கொண்டதா என்று பில் போடும் முன்பே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மானியம் வராது. நெட் மீட்டர் (வாரியத்திலிருந்து வரும் மின்சாரத்தையும் கூரையிலிருந்து வாரியத்துக்குப் போவதையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, வாரியம் சோதித்த பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையும் உங்கள் பொறுப்பு. வங்கிக் கடன் உண்டு.

கூரையில் தென்னை நிழல் விழுகிறதா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் வெயில் அடித்தாலும் நின்றுவிடும். அந்த நாளுக்கு வேண்டித்தான் விறகு பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம் என்கிறேன்.